உறைக்கு அளவு அனுப்பு தாயி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதை நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லை. சொந்தப் பாட்டைப் பாடினால் கூட்டம் போனை நோண்டுகிறது, இனி சினிமாப் பாட்டே போதும் என்றாய். அப்போது எனக்குப் பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிளஸ் ஒன் படிக்கும்போது வாங்கிய பழைய கிடார் ஞாபகம் இருக்கிறதா? உறை இல்லாமல் வந்தது. பைக் சீட்டுக்குத் தைக்கிற ரெக்சினில், உள்ளே போர்வைத் துணி வைத்து நான்தான் தைத்தேன். பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கிற கார்டுகளில் எஃப் மட்டும் உனக்குப் படியவே இல்லை. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே வைத்து அழுத்துவாய்; இரண்டு கம்பியாவது பேசாமல் கிடக்கும். விரல் நுனி சிவந்து, தோல் உரிந்து, பிறகு காய்த்துப் போனது. ஊசி பிடித்த என் விரலும் அப்படிக் காய்த்ததுதான். உன் அம்மா பரீட்சை பரீட்சை என்று புலம்பியபோதும் உன்னை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தச் சித்திரையில் அழகருக்காக வைகை அணையைத் திறந்துவிட்டார்கள். திருவிழா முடிந்து சில நாளிலேயே ஆறு மணலாகிவிட்டது. அன்றைக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து, ‘சாமி வந்தா வர்ற தண்ணி, எங்க வீட்டுக்கு எப்ப வரும்’ என்று பாடினாய். மூன்றே கார்டு. கடைசி வரியில் குரல் உடைந்து ஒரு கத்தல் வந்ததே, ராக் இசை என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் அழகரைக் கண்டதும் போடுகிற சத்தம் அது. தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்ற பக்கத்து வீட்டு அக்கா, “இன்னொரு தடவை பாடு தாயி” என்று கீழேயிருந்து கேட்டார். அவர் சினிமாப் பாட்டைக் கேட்கவில்லை.

இளையராஜா நம் பக்கத்து ஆள்தானே, பண்ணைப்புரம் அப்போது மதுரை ஜில்லா. 1976-இல் முதல் படம் வரும்போது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. அதுவரை பிறர் இசைக்குக் கிடார் வாசித்தவர். சினிமாப் பாட்டு பாடுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், வாடகை கட்ட வேண்டுமே. ஆனால் ஒவ்வொரு மேடையிலும் அந்தத் தண்ணீர்ப் பாட்டைப் பாடிவிடு.

அப்புறம், எலெக்ட்ரிக் கிடாருக்குப் பழைய உறை சேராது. தலையிலிருந்து அடி வரை நீளம், அகலமான இடம், பருமன், மூன்றையும் இஞ்ச் டேப்பில் அளந்து அனுப்பு. எடை அதிகம் என்றாயே, தோள்வாருக்கு இரட்டைத் தையல் போடுகிறேன். ஜிப் வாங்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா