பாட்டனி சாரின் செடித் தாள்களைக் காப்பாற்றக் கைகொடுங்கள்

அன்புள்ள பழைய மாணவ, மாணவியருக்கு வணக்கம்.

பாட்டனி சார் போன தை மாதம் காலமான செய்தி உங்களில் பலருக்கு எட்டியிருக்கும். காரியம் முடிந்த கையோடு நாங்கள் சிலர் கூடி, கல்லூரி வாசலில் சாருக்கு மார்பளவுச் சிலை வைப்பதென்று பேசி, சிற்பியிடம் விலைகூடக் கேட்டுவிட்டோம். சாரின் மனைவியான அம்மாவிடம் சொல்லப் போனால் அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அவரு வெயில்ல நின்னதெல்லாம் போதுஞ்சாமி. அந்தக் காயிதத்த நனையாம வெச்சாச் சரி."

அம்மா சொன்ன காயிதம், தாவரவியல் துறையின் பின்னறையில் இருக்கும் ஹெர்பேரியம் தாள்கள், அதாவது செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டிய தாள்கள். 31 வருடம் கொல்லிமலை ஏறி இறங்கி சார் சேர்த்தவை, ஏறக்குறைய 3,000. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறும் அந்தக் காலை பஸ்ஸில் வாந்தி எடுக்காதவர்கள் நம்மில் குறைவு. சார் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அடிவாரத்து முள்காடு எந்த வளைவோடு முடிகிறது என்று பாடம் நடத்துவார். தோள்பையில் பழைய செய்தித்தாள் கட்டு. மடியில் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல், 1957இல் வந்த மூன்று தொகுதி மறுபதிப்பில் ஒன்று.

தாளில் ஒட்டிய செடியைவிட, மூலையில் சார் எழுதி ஒட்டிய சீட்டுதான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும். அதனால் பறித்த இடத்திலேயே நிறத்தை எழுதிவிடுவார். ஒரு செங்காந்தள் தாளில் "பூத்து மூன்றாம் நாள், மஞ்சள் போய் முழுச் சிவப்பு" என்று இருக்கிறது. லத்தீன் பெயருக்குக் கீழே கொல்லிமலைப் பழங்குடியினரான மலையாளி மக்கள் அந்தச் செடிக்கு வைத்திருக்கும் பெயர், அதைச் சொன்ன பாட்டியின் பெயர், அவர் ஊர். பெரிய ஹெர்பேரியங்களில்கூட இந்தக் கடைசி விவரம் எல்லாத் தாளிலும் கிடைக்காது.

பாதி வேலை நடந்தது வீட்டில்தான். செடியை அழுத்தி வைத்த செய்தித்தாளை முதல் வாரம் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் சாரின் மகள்கள் இருவரும் ஈரத்தாளை உருவ, சார் காய்ந்த தாளை வைப்பார். ஐப்பசி மழையில் தாள் காயாது. அம்மா அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவார். (அந்த வீட்டில் சாம்பாருக்குக்கூட மூலிகை வாசம் என்று நாம் கிண்டல் செய்ததுண்டு.) இன்னொரு சீட்டின் ஓரத்தில் பென்சிலில், "சின்னவளுக்குக் காய்ச்சல். இரண்டு மணி பஸ்ஸுக்கே இறங்கிவிட்டேன்." அன்றைக்கு ஒரே ஒரு செடிதான் சேர்த்திருக்கிறார்.

இப்போது அந்த அறையின் கூரை ஓரமாக ஒழுகுகிறது. மர பீரோக்களில் இராமபாணப் பூச்சி. சில கட்டுகளைத் திறந்தால் தூள்தான் கொட்டுகிறது. கூரையைக் கல்லூரி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. மற்றது நம் பொறுப்பு.

கதவு இறுக்கமாக மூடும் இரும்பு அலமாரி நான்கு வேண்டும். ஒன்று 38,000 ரூபாய். பூச்சியைக் கொல்லத் தாள்களைக் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் சில நாள் உறையவைக்க வேண்டும். ஐஸ்கிரீம் கடையில் இருக்குமே, அதே மாதிரி டீப் ஃப்ரீசர்தான், 28,000. சார் காலத்தில் பூச்சிக்குப் பாதரச உப்புக் கரைசல் பூசுவதுதான் வழக்கம். அந்த நஞ்சு இன்னும் தாளில் இருக்கும் என்பதால் கையுறை, முகக்கவசம் இல்லாமல் யாரையும் தொடவிட மாட்டோம். அவற்றோடு புதுத் தாள், பசை எல்லாம் சேர்த்து 45,000. ஒவ்வொரு தாளையும் படம் எடுக்கக் கேமரா, தாங்கி, விளக்கு 75,000. வேலைக்கு வெளியாள் வேண்டாம். இப்போது படிக்கும் பிள்ளைகள் இருவருக்கு மாதம் ஆளுக்கு 6,000 என்று பத்து மாதம் கொடுக்கலாம். மொத்தம் 4,20,000 ரூபாய்.

இதுவரை 1,35,000 சேர்ந்திருக்கிறது. அதில் 25,000 அம்மா கொடுத்தது, வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இன்னும் 2,85,000 தேவை. கணக்குப் பார்த்தால் ஒரு தாளைக் காப்பாற்ற 140 ரூபாய்தான் ஆகிறது. ஒரு தாளுக்குக் கொடுத்தாலும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வோம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம்: 80ஜி வரிச்சலுகை ரசீது தர எங்களால் முடியாது. வரவு செலவு மாதாமாதம் எல்லா பேட்ச் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வரும். வங்கிக் கணக்கு விவரம் உங்கள் பேட்ச் பிரதிநிதியிடம் இருக்கிறது. ஆடிக்குள் பணம் சேர்ந்தால் ஐப்பசி மழைக்கு முன் தாள்கள் அலமாரிக்குள் போய்விடும்.

இன்னொன்று. செடியை முதலில் கண்ணில் கண்டது மாணவராக இருந்தால், சீட்டில் அந்த மாணவர் பெயரைத்தான் சார் எழுதியிருக்கிறார். பேட்ச் வருடத்தைச் சொன்னால் உங்கள் தாளைத் தேடிப் படம் அனுப்புகிறோம். ஒரு தாளில் மட்டும் பெயர் இல்லை: "கண்டெடுத்தவன், குரங்கிடம் புளிசாதத்தைப் பறிகொடுத்த பையன்." அது யாரென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவர் குழுவினர்