நோர்ச்சாவிலிருந்து திரும்பி எழுதுகிறேன்

பெருஜா, இத்தாலி,
28 ஜூன் 2019

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடு. உனக்கு மருந்து விஷயத்தில் எப்போதுமே அலட்சியம்.

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பேரனுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் மகன் எங்களைக் காரில் நோர்ச்சாவுக்கு அழைத்துப் போனான். பெருஜாவிலிருந்து மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம். ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். பொதுப்பணித்துறையில் காலம் முழுக்கச் சுவர்களோடு மல்லுக்கட்டியவன் நீ, அதனால் உனக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று சொல்கிற புனித பெனடிக்ட் 480 வாக்கில் பிறந்த ஊர் இதுதான். ஐரோப்பாவில் மடங்களுக்கு ஒழுங்குமுறை எழுதித் தந்தவர். 1964-இல் போப் ஆறாம் பால் அவரை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார். அவரும் தங்கை ஸ்கொலாஸ்டிக்காவும் பிறந்ததாகச் சொல்லப்படும் வீட்டின் மேல்தான் பெருங்கோயில் கட்டியிருக்கிறார்கள். கட்டியிருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். இப்போது முகப்புச் சுவர் மட்டும் இரும்புக் குழாய்ச் சாரத்தில் சாய்ந்து நிற்கிறது. வட்டப் பூச்சன்னல் அப்படியே இருக்கிறது, அதற்குப் பின்னால் கூரை இல்லை.

2016 ஆகஸ்ட் 24 அன்று பக்கத்து அமத்ரிச்சே ஊரையே தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தில் கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள். அக்டோபர் 26 அன்று மறுபடி இரண்டு அதிர்ச்சி. பயந்துபோன ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வந்து காரிலும் கூடாரத்திலும் படுத்தார்கள். அதுதான் உயிரைக் காப்பாற்றியது. 30-ஆம் தேதி ஞாயிறு காலை 7.40-க்கு 6.5 அளவில் அடித்தபோது கோயில்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன, ஆனால் நோர்ச்சாவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அப்புறம் உன்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி. ஊருக்குள் நடந்தால் வீடுகள் எல்லாம் குட்டையாக இருக்கின்றன. பல சுவர்கள் அடியில் அகன்று, மேலே போகப் போகக் குறுகிச் சாய்கின்றன. நான் ஒன்றின் மேல் கை வைத்துப் பார்த்தேன், என் இடுப்பு உயரம் வரை நன்றாகவே சரிவு தெரிகிறது. 1859-இல் ஒரு பெரிய நிலநடுக்கம் ஊரை அழித்தது. அப்போது இது போப்பின் ஆட்சிப் பகுதி. ரோமிலிருந்து பொலேத்தி என்ற கட்டடக் கலைஞரும், நட்சத்திரங்களின் ஒளியை ஆராய்ந்த செக்கி என்ற சேசுசபைப் பாதிரியாரும் வந்து பார்த்தார்கள். மறுவருஷமே கட்டட விதி வந்துவிட்டது: இரண்டு தளத்துக்கு மேல் எழுப்பக் கூடாது, சுவர் தடிமனாக இருக்க வேண்டும். 1979-இல் மீண்டும் ஆடியபின் வீடுகளை இன்னும் பலப்படுத்தினார்கள். 2016-இல் விரிசல் விட்ட வீடு ஏராளம், ஆனாலும் பெரும்பாலானவை நின்றுவிட்டன. பயணிகள் கோயிலைப் படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் குட்டை வீடுகள்தான் ஊரின் முதல் நினைவுச்சின்னம். நீ உன் வீட்டுக்கு மூன்றாவது மாடி போடப் போவதாக எழுதியிருந்தாயே, கொஞ்சம் யோசி!

போப் மூன்றாம் ஜூலியஸ் காலத்தில், 1554-இல், விஞ்ஞோலா என்ற கட்டடக் கலைஞர் வரைந்த காஸ்தெல்லீனா கோட்டை சதுக்கத்தில் கோயிலுக்கு எதிரிலேயே இருக்கிறது. நாலு மூலையிலும் கொத்தளம். ஆளுநர் குடியிருக்கக் கட்டிய வீட்டுக்கு இவ்வளவு கொத்தளம் எதற்கு என்றால், ஊர்க்காரர்கள் மீது போப்புக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான் போலிருக்கிறது. சதுக்கத்தின் நடுவில் நிற்கும் பெனடிக்ட் சிலைக்கு 2016-இல் ஒன்றும் ஆகவில்லை. நான் பார்க்க ஆசைப்பட்ட ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. கோயிலின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில், 16-ஆம் நூற்றாண்டில், தானியம் அளக்கக் கல்லிலேயே குடைந்த அளவைகள் இருந்தன. நம் மரக்கால், படி மாதிரி சந்தைக்குப் பொது அளவை. வியாபாரி ஏமாற்ற முடியாது. தாழ்வாரமும் இடிந்துபோனது.

ஊரின் இன்னொரு பெருமை பன்றி இறைச்சி. இத்தாலியில் பல இடங்களில் அந்தக் கடைகளுக்கு 'நோர்ச்சினெரியா' என்றே பலகை. வாசலில் காட்டுப்பன்றித் தலையைப் பஞ்சடைத்து மாட்டியிருக்கிறார்கள், பேரன் அதைப் பார்த்துவிட்டு நகர மறுத்தான். மதிலுக்கு வெளியே மரக்கொட்டகைகளில் பல கடைகள் இன்னும் நடக்கின்றன. பக்கத்தில் ப்ரேச்சி என்ற ஊரில் பரம்பரை பரம்பரையாக அறுவைசிகிச்சை செய்த குடும்பங்கள் இருந்தன. கண்புரையும் மூத்திரக்கல்லும் அவர்களுடைய கைத்திறமை. மயக்க மருந்து இல்லாத காலம் கணேசா, நீ கொடுத்து வைத்தவன்.

மேலே 1,452 மீட்டரில் கஸ்தெல்லூச்சோ என்ற சின்ன ஊர். அது அநேகமாக இடிபாடுதான். ஆனால் அடியில் விரியும் சமவெளியில் இப்போது பருப்புச் செடிகளுக்கு நடுவே பாப்பியும் நீலப்பூவும் பட்டை பட்டையாகப் பூத்திருக்கின்றன. 2017 வசந்தத்தில் சாலை அடைபட்டுக் கிடந்தபோதும் விவசாயிகள் டிராக்டர்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு விதைக்கப் போனார்களாம். அவர்கள் பயிரிடுவது நம் மைசூர்ப் பருப்பின் இனம்தான், தோலோடு, இன்னும் பொடியாக.

அதில் ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். மகனின் நண்பர் அடுத்த மாதம் மதுரை வருகிறார், கொடுத்து அனுப்புகிறேன். ஊறவைக்கத் தேவையில்லை, குக்கரில் அதிக விசில் விட்டால் குழைந்துவிடும் என்று உன் வீட்டில் சொல். மாடி விஷயம் என்ன முடிவு செய்தாய் என்று எழுது. வரைபடத்தையும் அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
சேகர்