அம்மா கேட்ட கேள்வி

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத நாலு நாள் எடுத்துக்கொண்டேன், பொறுத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு மாற்றல் கிடைத்து ஊருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். கும்பப்பூ சாகுபடிக்கு நெல்விதை ஊறப்போட்டிருக்கிறேன்.

அண்ணனின் சாம்பல் இருக்கும் பெட்டியை அம்மா பீரோவில், அப்பாவின் வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. துக்கம் கேட்க வந்த ஒருவர், எரித்த உடம்பு கடைசி நாளில் எப்படி எழும்பும் என்று அம்மாவின் காதுபடக் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. உடலை ஊருக்குக் கொண்டுவர வழியில்லாமல் போனதற்கு நீங்கள் யாரும் பொறுப்பில்லை. அதை முதலில் அம்மாவுக்குச் சொல்.

மக்கா, இந்தக் கேள்வி புதிதில்லை. கி.பி. 177இல் லியோன் நகரத்தில் இதையே கேலியாகக் கேட்டார்கள். இன்றைய பிரான்சில் இருக்கிறது அந்த ஊர். அங்கே இருந்த கிறிஸ்தவ சபையாரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். தொண்ணூறு வயது தாண்டிய ஆயர் போத்தினு சிறையிலேயே இறந்தார். பிளாண்டினா என்ற அடிமைப் பெண்ணை வலையில் சுற்றிக் காளைக்கு முன்னால் போட்டார்கள். செத்தவர்களின் உடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் நதியில் தள்ளினார்கள். வெறும் கொடுமைக்காகச் செய்யவில்லை, காரணத்தோடுதான் செய்தார்கள். உயிர்த்தெழுவோம் என்ற நம்பிக்கையில்தானே இவர்கள் சாவுக்குப் பயப்படவில்லை, இனி எப்படி எழுகிறார்கள் பார்ப்போம் என்று.

தப்பிப் பிழைத்தவர்கள் இதையெல்லாம், இன்றைய துருக்கியில் இருந்த ஆசியா, பிரிகியா என்ற பகுதிகளின் சபைகளுக்குக் கடிதமாக எழுதினார்கள். யூசேபியு தன் சபை வரலாற்றில் எடுத்து எழுதிவைத்ததால் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் ஓர் இடத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். உடல்களை மண்ணுக்குக் கொடுக்க முடியவில்லையே என்று அவர்கள் அழுகிறார்கள். இரவு கைகொடுக்கவில்லை, பணம் கொடுத்தும் நடக்கவில்லை, கெஞ்சியும் காவலர்கள் மனம் இரங்கவில்லை என்று எழுதுகிறார்கள். உன் அம்மாவின் அழுகைதான் அது. அடக்கம் பண்ண முடியாத துக்கம் அவர்களுக்கும் இருந்தது. ஆனால் நதியோடு போன சாம்பல் கடவுளுக்கும் தொலைந்துபோயிற்று என்று அவர்கள் நம்பவில்லை.

போத்தினுவுக்குப் பிறகு அதே ஊருக்கு ஆயராக வந்தவர் இரேனேயு. உடம்பு ஒரு கூடு, அதைக் கழற்றிப் போட்டு ஆன்மா தப்பிப்பதுதான் மீட்பு என்று சொன்னவர்களோடு அவர் விடாமல் வாதாடினார். ஒன்றுமே இல்லாத இடத்தில் எலும்பையும் நரம்பையும் உண்டாக்கி மனிதனைச் செய்வது கடினமா, இருந்து மண்ணாய்ப்போன ஒருவனைத் திரும்பவும் செய்வது கடினமா என்று கேட்கிறார். பொதுவாகப் பார்த்தால் இது ஒரு வாதம், அவ்வளவுதான். ஆனால் தன் சபை மக்களின் சாம்பலை வாரிக்கொண்டு போன நதியின் கரையில் இருந்தவர் கேட்கிறார் என்று நினைத்துப் பார். அந்தியோகியாவின் ஆயர் இக்னேஷியஸ் இவர்களுக்கும் முந்தியவர். மிருகங்களுக்கு இரையாகப் போட அவரை ரோமுக்குக் கொண்டுபோனார்கள். உடம்பில் ஒன்றும் மிஞ்சாதபடி மிருகங்களே எனக்குக் கல்லறையாகட்டும் என்று ரோம் சபைக்கு எழுதியவர். அதே கடிதத்தில் தான் எழுந்திருப்பேன் என்றும் எழுதுகிறார்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் அப்போஸ்தலர் பவுல். கொரிந்து சபையில் சிலர், மரித்தோர் எழுந்திருப்பதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பவுல் முதலில் தத்துவம் பேசவில்லை. நான் பெற்றதை உங்களுக்குக் கொடுத்தேன் என்று ஆரம்பித்து, கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், கேபா என்ற பேதுருவுக்குத் தரிசனமானார் என்று வரிசையாகச் சொல்கிறார். ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் பார்த்தார்கள், அவர்களில் பெரும்பாலானவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். நடந்து இருபத்தைந்து வருஷம்கூட ஆகவில்லை, போய்க் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் சுவிசேஷம் என்றால் அறிவுரை இல்லை மக்கா, நடந்த ஒன்றைப் பற்றிய செய்தி. அது நடக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று அவரே சொல்லிவிடுகிறார்.

எந்த உடம்போடு எழுவார்கள் என்ற கேள்விக்கு அவர் விதையைக் காட்டுகிறார். நீ விதைப்பது இனி உண்டாகப்போகும் உருவம் அல்ல, வெறும் விதைதான் என்கிறார். அவர் சொன்னது கோதுமை, என் கையில் இருப்பது நெல். இன்று விடியற்காலையில் ஈரச் சாக்கைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். கை பொறுக்கும் அளவுக்குச் சூடு. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு நெல்லும் ஒரு முனையில் உமி வெடித்து, ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது. முளைத்த நெல்லைத் திரும்பப் பழைய நெல்லாக்க முடியாது. ஆனால் நாற்றங்காலில் எழும்பப்போவது வேறு எதுவோ அல்ல, அதே நெல்தான். இத்தனை வருஷமாக விதைக்கிறேன், இதை அண்ணனோடு சேர்த்துப் பார்த்தது இன்றைக்குத்தான். சாக்கின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவை அழாதே என்று மட்டும் சொல்லிவிடாதே. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, நம்பிக்கையில்லாதவர்களைப்போல் துக்கப்படாதீர்கள் என்றுதான் பவுல் சொல்கிறார். அதே கடிதத்தில் செத்தவர்களை நித்திரையடைந்தவர்கள் என்கிறார். நம் ஊரில் இன்றைக்கும் சாவு அறிவிப்பில் போடும் வார்த்தைதான். அடக்கம் பண்ணிய இடத்துக்கு அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்தில் வைத்த பெயருக்குத் தூங்கும் இடம் என்றுதான் அர்த்தம்.

இனி நம் காரியம். கல்லறைத் திருநாளுக்கு அம்மா எங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள் என்று கேட்டிருந்தாய். அந்தப் பெட்டியை அப்பாவின் கல்லறையிலேயே, தலைமாட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி எடுத்து வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. லியோன்காரர்களுக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்திருக்கிறதே. அம்மா சம்மதித்தால் ஆயரிடம் பேசிவிடு. நவம்பர் 1ஆம் தேதி சாயங்காலமே நான் வந்துவிடுகிறேன். குழி எடுக்க ஆள் தேட வேண்டாம், என் மண்வெட்டியைக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்