ரீயூனியன் தமிழர் பெயர்கள் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான எங்கள் ரீயூனியன் தீவின் தமிழர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இங்குள்ளவர்கள் தங்கள் தமிழ்ப் பெயர்களைத் தாங்களாகவே விட்டுவிட்டுக் கிறிஸ்தவப் பெயர் வைத்துக்கொண்டார்கள் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியைப் படித்த பிறகு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் புதுச்சேரியில் பிறந்தவள். 1995இல் கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தேன். என் கணவர் 1964இல் இங்கே பிறந்தவர். வீட்டில் அவர் பெயர் வேலாயுதம். பிறப்புப் பதிவேட்டில் ஜோசப். அந்தப் பெயரை யாரும் ஆசைப்பட்டு வைக்கவில்லை. அந்தக் காலத்தில் குழந்தை பிறந்தால் மூன்று நாளுக்குள் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிய வேண்டும். மாமனார் கரும்புக் காட்டு வேலையை விட்டுவிட்டுப் போய், முருகன் பெயரைச் சொல்லியிருக்கிறார். காலண்டரில் இல்லாத பெயரை எழுத முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அது அந்த குமாஸ்தாவின் தனிப்பட்ட பிடிவாதம்கூட இல்லை. 1803இல் வந்த பிரெஞ்சுச் சட்டமே அப்படி. காலண்டரில் உள்ள புனிதர்களின் பெயர், இல்லாவிட்டால் பழைய வரலாற்றில் வரும் பெரியவர்களின் பெயர், இவற்றைத்தான் பிள்ளைக்கு வைக்க முடிந்தது. பெற்றவர்கள் தங்கள் இஷ்டம்போல் பெயர் வைக்கலாம் என்று சட்டம் வந்தது 1993 ஜனவரி 8ஆம் தேதி. பிரெஞ்சு ஆட்சியில் இருக்கும் ஊரைப் பற்றி எழுதும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் மனக்குறை.

குடும்பப் பெயரின் கதை வேறு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ராமசாமி, முத்துசாமி என்று ஒற்றைப் பெயர்தான். அதைப் பிரெஞ்சுக்காரன் தன் காதில் விழுந்தபடி எழுதினான். எழுதியது அப்படியே பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. இங்கே கிராந்த் ஷலூப் என்ற இடத்தில் அவர்களை இறக்கி, நோய் பரவாமல் தனிமைப்படுத்தி வைத்திருந்த லாசரே என்ற கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. உங்கள் கட்டுரையாளர் அங்கே ஒரு மணி நேரம் இருந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். பதிவேட்டில் அந்தோணி, பீட்டர் என்று இருந்தாலும், கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது அத்தனை பேரும் தமிழ்ப் பெயரைத்தான் சொல்கிறார்கள். நூற்றைம்பது வருடமாக அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார் ‘வேலாயுதம்’ என்று கூப்பிட்டதைப் போல அவ்வளவு சுத்தமாக எங்கள் புதுச்சேரித் தெருவில்கூட நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் உங்கள் இதழில், இங்குள்ளவர்களை ‘மலபார்’ என்று அழைப்பதால் இவர்கள் கேரளத்திலிருந்து வந்தவர்கள் என்று எழுதினீர்கள். அப்போதே மறுத்து எழுதினேன். கடிதத்தைப் பாதியாகக் குறைத்து, கீழே மொரீசியஸ் வாசகி என்று அச்சிட்டீர்கள். மொரீசியஸ் வேறு நாடு ஐயா. நாங்கள் இருப்பது பிரான்சின் ஒரு மாவட்டம். இரண்டுக்கும் நடுவில் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கடல் இருக்கிறது.

சரி, இந்தக் கட்டுரையில் இருக்கும் பெரிய தவறுக்கு வருகிறேன். பெயரை மாற்ற வக்கீல் வைத்து நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் அது உண்மை. என் கணவரின் அண்ணன் 2009இல் அப்படித்தான் குடும்ப விவகார நீதிபதி முன்னால் போய் நின்றார். வக்கீலுக்கு இரண்டு மாதச் சம்பளம் போனது, ஒரு வருடத்துக்கு மேல் அலைச்சல். ஆனால் 2016 நவம்பர் 18 சட்டத்துக்குப் பிறகு முதல் பெயரை மாற்ற நீதிபதி தேவையில்லை. குடியிருக்கும் ஊரிலோ பிறந்த ஊரிலோ உள்ள மேரியில் நாமே மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை. நியாயமான காரணம் இல்லை என்று மேரி நினைத்தால் அரசு வழக்கறிஞருக்கு அனுப்புவார்கள். அவரும் எதிர்த்தால்தான் நீதிபதியிடம் போக வேண்டும், அப்போதுதான் வக்கீல் கட்டாயம்.

2018இல் என் கணவருக்காக நானே இந்தத் தாள்களைச் சேர்த்தேன். முதல் நாள் மேரியில் ஒரு அம்மா, வக்கீலைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அதைத்தான் இப்போது நீங்களும் அச்சிட்டிருக்கிறீர்கள். நான் சிவில் சட்டத்தின் 60ஆம் பிரிவை அச்செடுத்துக்கொண்டு மறுவாரம் போய் அவர் மேசையில் வைத்தேன். அப்புறம்தான் விண்ணப்பத் தாள் கைக்கு வந்தது.

பிறப்புச் சான்றின் முழு நகல், அடையாள அட்டை, முகவரிக்கு ஒரு ரசீது, இவற்றையெல்லாம் ஒரே நாளில் எடுத்துவிடலாம். சிரமம் எல்லாம், இத்தனை காலமாக இந்தப் பெயரில்தான் வாழ்கிறேன் என்று காட்டுவதில்தான். சாட்சி எழுதிக் கொடுக்கிற ஒவ்வொருவரும் தங்கள் அடையாள அட்டை நகலைச் சேர்க்க வேண்டும். கூட வேலை செய்தவர், பந்து விளையாடியவர், தைப்பூசத்தில் கூடக் காவடி எடுத்தவர் என்று ஆறு பேர் கொடுத்தார்கள். மாமியார் பழைய பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். பட்டாளத்தில் இருந்தபோது மகன் அனுப்பியது, அடியில் வேலாயுதம் என்று கையெழுத்து. எங்கள் கல்யாணப் பத்திரிகையை வைத்தபோது, தமிழில் இருக்கிறது, நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள். வாங்கிப் போனேன். நான்கு மாதத்தில் பிறப்புப் பதிவின் ஓரத்தில் வேலாயுதம் என்று ஏறியது. அந்த நகலை மாமியார் மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மறு வருடம் அவர் போய்விட்டார்.

கட்டுரையாளர் முதல் பெயரையும் குடும்பப் பெயரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். குடும்பப் பெயரின் எழுத்தைத் திருத்திக்கொள்ள விரும்புகிறவர் பாரிஸில் நீதி அமைச்சகத்துக்கு மனு போட வேண்டும், அரசிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அது நீண்ட வேலை. அப்பா பெயருக்குப் பதில் அம்மா பெயர் என்றால் மட்டும் 2022 ஜூலை முதல் மேரியிலேயே முடிகிறது.

உங்கள் இதழைப் பிரான்சில் இருக்கும் எங்கள் புதுச்சேரிக் குடும்பங்களும் வாங்குகின்றன. பாரிஸில் உள்ள என் சித்தப்பா மகள் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, வக்கீலுக்குக் காசு சேர்த்துக்கொண்டு அப்புறம் மகனின் பெயரைப் பார்க்கலாம் என்று போனில் சொன்னாள். அவளுக்கு நான் எடுத்துச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதல் பெயரை மாற்ற வக்கீல் தேவையில்லை, மேரிக்குப் போனால் போதும் என்று அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை. கீழே ஊரை மட்டும் சரியாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
ரீயூனியன்