கேள்வி கேட்கவும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆங்கிலத்தில் பேச மாணவர்கள் தயங்குவது பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவள் என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சுய அறிமுகத்தைப் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்துவிடுகிறார்கள். அதன்மேல் ஒரு கேள்வி வந்தால் போதும், வாயடைத்துப் போகிறார்கள்.

"சாப்பிடலையா?" என்றால் நாம் "ஆமா, சாப்பிடல" என்போம். அதே பழக்கத்தில், "டோன்ட் யூ ஹேவ் எனி அலர்ஜி?" என்று டாக்டர் கேட்டாலும் "யெஸ்" என்கிறோம். ஒவ்வாமை இருப்பதாக அவர் எழுதிக்கொள்வார். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் சரி, விஷயம் உண்டென்றால் யெஸ், இல்லையென்றால் நோ. "நோ, ஐ டோன்ட்" என்று முழுசாகச் சொல்லப் பழக்கிவிட்டால் குழப்பமே வராது. "வுட் யூ மைண்ட்", அதாவது "உங்களுக்கு ஆட்சேபம் உண்டா" என்பது இன்னும் வம்பு. "வுட் யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்று ரயிலில் ஒருவர் கேட்க, நாம் மரியாதையாக "யெஸ்" என்றால் உட்காராதே என்று சொன்னதாகிவிடும். "நாட் அட் ஆல்" என்பதுதான் சம்மதம்.

கேட்பதிலும் சிக்கல் உண்டு. "வேர் இஸ் தி லைப்ரரி?" சரி. "குட் யூ டெல் மீ" என்று பணிவாகத் தொடங்கினால் "இஸ்" கடைசிக்குப் போக வேண்டும்: "குட் யூ டெல் மீ வேர் தி லைப்ரரி இஸ்?" வினையைக் கடைசியில் வைத்தே பேசி வளர்ந்த நாமே இங்கே தவறுகிறோம். வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றி எழுத மதிப்பெண் உண்டு. வாய்விட்டுக் கேட்டுப் பார்க்க வகுப்பில் நேரம் கிடையாது.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மணி அடிக்கும் நேரத்தில் "எனி டவுட்ஸ்?" என்றால் யார் எழுந்திருப்பார்கள்? பாடத்தின் நடுவிலேயே நிறுத்தி, "வாட் கொஸ்டின்ஸ் டூ யூ ஹேவ்?" என்று கேளுங்கள். கேள்வியை எதிர்பார்க்கிறீர்கள் என்று பிள்ளைக்குப் புரியும். அப்புறம் காத்திருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வின்படி, கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சுமார் 1 விநாடிதான் பொறுத்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, அவர்களே கேட்ட கேள்விகளும் கூடின. வேற்று மொழியில் கேள்வியை மனதுக்குள் கோக்க வேண்டிய நம் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

புரியாவிட்டால் "குட் யூ ரிபீட் தி கொஸ்டின், ப்ளீஸ்?" என்று கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. வெளிநாட்டுப் படிப்புக்காகப் பலரும் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியிலேயே அப்படிக் கேட்கலாம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கேள்வியையும் அதற்குச் சொல்லக்கூடிய பதில்களையும் வெளியிட வேண்டுகிறேன். எழுதித் தரச் சொன்னால் மகிழ்ச்சியோடு தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தஞ்சாவூர்