செத்தவன் கொடுத்த ‘மொழி’யை யார் திருத்துவது?

மதிப்பிற்குரிய இந்தியச் சட்ட ஆணையத்தாருக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். மண் கேரளம், வீட்டில் பேசுவது தமிழ். குறையைச் சொல்லும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். தூக்கிலிடப்பட்டவரின் வழக்கைப் பிற்பாடு திரும்பத் திறந்து பார்க்க ஒரு வழி வேண்டும் என்பதே என் மனு.

போலீசில் கொடுக்கும் வாக்குமூலத்துக்கு மலையாளத்தில் ‘மொழி’ என்று பெயர். இங்கே தமிழர்களும் “ஸ்டேஷன்ல மொழி எடுத்தாங்க” என்றுதான் சொல்வோம். மனு எழுதிப் பிழைத்தவன் நான். ஒருமுறை எங்கள் பக்கத்துப் பையன், அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று அடுத்த வீட்டு பைக்கைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். புகாராகிவிட்டது. “அவசரத்துல எடுத்துட்டேனுங்க” என்றான். தென் கேரளத்திலிருந்து மாற்றலாகி வந்த ஏட்டு, ‘அவசரம் கிட்டியபோது எடுத்தேன்’ என்று எழுதிக்கொண்டார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. வாசித்துக் காட்டச் சொன்னபோதுதான் பிடிபட்டது. பைக்காரரே சிரித்துவிட்டுப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். ஏட்டு நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை.

பையன் உயிரோடு இருந்தான், எதிரே நின்று “நான் சொன்னது அப்படியில்லை” என்றான். டெரெக் பென்ட்லிக்கு அது வாய்க்கவில்லை.

1952 நவம்பர் 2, இரவு. லண்டனுக்குத் தெற்கே கிராய்டனில் ஒரு கிடங்கின் கூரைமேல் திருடப் போன இரண்டு பையன்கள். துப்பாக்கியால் சுட்டது 16 வயது கிறிஸ்டோபர் கிரெய்க். 19 வயது பென்ட்லி அதற்கு முன்பே போலீஸ் பிடியில் இருந்தான். பிடிபட்டுக் கால் மணி நேரம் போல ஆனபின்தான் கிரெய்க்கின் குண்டு காவலர் சிட்னி மைல்ஸைக் கொன்றது. “அவனுக்குக் குடுத்துரு, கிறிஸ்” என்று பென்ட்லி கத்தியதாகப் போலீசார் சாட்சி சொன்னார்கள். அப்படி யாரும் சொல்லவில்லை என்றார்கள் இருவரும். சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். எங்கள் சந்தையில் ‘குடுத்துருடா’ என்று கேட்டால் திரும்பிப் பார்த்துத்தான் அர்த்தம் பிடிக்க வேண்டும்: கையில் இருப்பதைக் கொடுக்கச் சொல்கிறானா, முதுகில் ஒன்று கொடுக்கச் சொல்கிறானா?

சுட்டவனுக்குப் பதினெட்டு ஆகாததால் சிறை. சுடாதவனுக்குத் தூக்கு. ஜூரிகள் கருணை காட்டச் சொல்லியும், சம்பவம் நடந்த 87ஆம் நாள், 1953 ஜனவரி 28 அன்று தூக்கிலிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவன் பெயரில் இருந்த வாக்குமூலத்தைப் பிற்பாடு ஆராய்ந்த மொழியியல் அறிஞர் மால்கம் கோல்தார்ட், ‘பிறகு’ என்ற சொல் அதில் வந்து விழும் இடமே போலீஸ் நடை என்று காட்டினார்.

பென்ட்லியின் உடன்பிறந்தாள் ஐரிஸ் நாற்பது வருஷத்துக்கு மேல் போராடினார். 1993இல் ஒரு அரை மன்னிப்பு வந்தது: தூக்கிலிட்டது தப்பு, ஆனால் குற்றவாளி குற்றவாளிதான். என் கணக்கில் அது வாயடைக்கக் கொடுத்த மிட்டாய். 1997இல் ஐரிஸ் இறந்தார். முடிந்த வழக்குகளைத் திரும்பப் பார்க்க அதே ஆண்டு அங்கே ஓர் ஆணையம் வேலையைத் தொடங்கியது. அதன் வழியாக வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் போய், 1998 ஜூலை 30 அன்று தீர்ப்பே ரத்தானது. ஜூரிகளுக்கு அன்றைய நீதிபதி வழிசொன்ன விதமே நியாயமாக இல்லை என்றார்கள். அமெரிக்காவின் தென் கரோலினாவிலும், 1944இல் மின்நாற்காலியில் கொன்ற 14 வயது ஜார்ஜ் ஸ்டின்னியின் தண்டனையை 2014இல் ரத்து செய்தார்கள்.

நம் சட்டத்துக்கு வருகிறேன். குற்ற வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 435ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 394: மேல்முறையீடு நடக்கும்போதே தண்டிக்கப்பட்டவர் இறந்தால், நெருங்கிய உறவினர் 30 நாளுக்குள் அனுமதி கேட்டு அதைத் தொடரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லாப் படியும் ஏறி முடித்துத் தூக்கில் போனவனின் அம்மா எந்தக் கதவைத் தட்டுவாள்? குற்றம் நடந்தபோது தான் சிறுவன் என்பதை எந்தக் கட்டத்திலும் சொல்லலாம் என்கிறது இளஞ்சிறார் நீதிச் சட்டம். மரண தண்டனை பெற்று 28 வருஷம் சிறையிலிருந்த ஒருவரை, அன்று அவருக்குப் பன்னிரண்டரை வயதுதான் என்று பள்ளிப் பதிவேட்டை வைத்து 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நடுவில் தூக்கிலிட்டிருந்தால் அந்தப் பதிவேட்டை யார் புரட்டியிருப்பார்கள்?

நான் கேட்பது ஒரே ஒரு பிரிவு. தூக்கிலிடப்பட்டவரின் வழக்கில் புது ஆதாரம் வந்தால், உறவினரோ, உறவினர் இல்லாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவோ, காலக்கெடு இல்லாமல் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வழி வையுங்கள். கூடவே, ‘மொழி’ எந்தப் பாஷையில் சொல்லப்பட்டதோ அந்தப் பாஷையிலேயே ஒலிப்பதிவாக வழக்குக் கட்டோடு இருக்க வேண்டும் என்றும் எழுதிவையுங்கள்.

பதிலை இந்தியிலோ இங்கிலீஷிலோ அனுப்பினாலும் பரவாயில்லை. வாசித்துச் சொல்ல இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மனு எழுதும் கிழவன்,
கொழிஞ்சாம்பாறை