திண்ணைக்கு அடியில் ஜாலி: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் நம் பஜனை மடத்தின் முன் திண்ணைக்கு அடியில் ஜாலி, அதாவது கண் கண்ணாக ஓட்டை விட்ட தடுப்பு, அடிக்கும் வேலை, மழை பிடிப்பதற்கு முன்பே நல்லபடியாக முடிந்துவிட்டது. செலவு 68,400 ரூபாய், இதுவரை வசூல் 75,000. பில்களோடு முழுக் கணக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் வருகிறவர்கள் யாரும் கணக்கைக் கேட்பதில்லை. "இத்தனை பணத்தைக் கொட்டி ஓட்டை ஓட்டையாக எதற்கு? செங்கல் வைத்துப் பூசியிருந்தால் பாதிக் காசில் முடிந்திருக்குமே" என்பதுதான் கேள்வி. அதனால்தான் இந்த அறிக்கை கொஞ்சம் நீண்டுவிட்டது.

நம் திண்ணை கல் திண்ணை இல்லை, இரும்புக் கால்கள் மேல் மரப்பலகை போட்டது. முன்பக்கம் 24 அடி, இரண்டு பக்கமும் 8 அடி, ஆக 40 அடிக்கு அடியில் எல்லாம் திறந்து கிடந்தது. மாலை நார், பால் கவர், ஜோடி இழந்த செருப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருச்சாளி. சுண்டல் விநியோகம் ஆனதும் அவற்றுக்கும் விநியோகம். பிள்ளையார் வாகனத்தை விரட்டுவது பாவம் என்று ஒரு மாமி கூட்டத்தில் எழுந்து சொன்னார்; வாகனம் சன்னிதியில் கல்லாக இருந்தால் போதும், மடப்பள்ளி அரிசி மூட்டைக்குள் உயிரோடு வேண்டாம் என்று அவர் வீட்டுக்காரரே பதில் சொல்லிவிட்டதால் எங்களுக்கு வேலை மிச்சம். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், மழைக்காலத்தில் வாசலில் தேங்கும் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்துதான் எல்லோரும் உள்ளே வருகிறோம். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெட்டுக்காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளம் வடிந்த பிறகு இந்த ஊரில் எலிக்காய்ச்சல் பரவியது பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, சுவர் ஏன் வேண்டாம்? முதலில் பார்க்க வந்த மேஸ்திரியும் சுவர்தான் சொன்னார். மண்ணிலிருந்து ஈரம் ஆவியாக மேலே வந்துகொண்டே இருக்கும். நாலு பக்கமும் அடைத்துவிட்டால் அது போக வழியில்லாமல் பலகையின் அடிப்புறத்தில்தான் போய் உட்காரும். மேல்பக்கம் வெயிலில் காய, கீழ்ப்பக்கம் ஈரத்தில் ஊற, பலகை வளைந்துகொள்ளும். அப்புறம் பூஞ்சை, அதன் பின்னாலேயே கரையான். போதாக்குறைக்கு மழைத்தண்ணீர் உள்ளே புகுந்தால் தொட்டி மாதிரி தேங்கி நிற்கும். செங்கல்லில் மிச்சம் பிடிக்கும் காசு சில வருடங்களில் பலகை மாற்றவே போய்விடும். ஜாலியில் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது, தண்ணீரும் வந்த வழியே வடிகிறது. நீங்கள் கேட்ட அந்த ஓட்டைகளுக்காகத்தான் பணம் கொடுத்திருக்கிறோம்.

தேக்கில் செய்ய ஆசைதான், விலையைக் கேட்டதும் ஆசை அடங்கியது. மெல்லிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சின்னப் பின் ஆணி அடித்த ஜாலி மலிவாகக் கிடைத்தது, ஆனால் கையால் அழுத்தினாலே பிரிந்தது. பந்து விளையாடும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அது சரிப்படாது. கடைசியில் 18 மில்லிமீட்டர் பிவிசிப் பலகையிலேயே மெஷினில் கண் வெட்டி வாங்கினோம். 8-க்கு 4 அடிப் பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் நம் உயரத்துக்குக் கச்சிதம். மூன்று பலகை வாங்கியதில் அரைப் பலகை மீந்து பரணில் இருக்கிறது, நாளைக்கு எங்காவது உடைந்தால் உதவும். சதுரக் கண் வேண்டாம், சாய்வுக் கண் போடுங்கள் என்றவர் நம் தச்சர்: சதுரம் என்றால் துளி கோணினாலும் தூரத்திலிருந்தே தெரியும், சாய்வில் கண்ணை ஏமாற்றலாம் என்றார். இணைப்புகள் மேல் 2 அங்குலப் பட்டி அடித்து மூடியதும் அவர் கைவேலைதான்.

தரை வேறு மட்டமாக இல்லை. மடத்துச் சுவர் பக்கம் திண்ணை உயரம் 1 அடி 10 அங்குலம், சாக்கடைப் பக்கம் 2 அடி 1 அங்குலம். அதனால் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, பக்கப் பலகைகளின் அடியைச் சாய்வாக அறுத்தார்கள். எல்லா இடத்திலும் தரைக்கு மேல் 1 அங்குலம் விட்டிருக்கிறது; "கீழே இடைவெளி விட்டுவிட்டார்களே" என்று யாரும் சிமென்ட் பூசிவிட வேண்டாம், தயவுசெய்து.

திருகாணிகள் லொடலொடவென்று இருப்பதாகவும் ஒரு புகார் வந்தது. வேண்டுமென்றேதான். இந்தப் பலகை வெயிலில் நீளும், 8 அடிக்கு நாலைந்து மில்லிமீட்டர் வரை. துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு வாஷர் கொடுத்து, இறுக்காமல் விட்டால்தான் அது நகர இடமிருக்கும். இறுக்கினால் உப்பிப் புடைக்கும். திருகாணி எல்லாம் நாக்தேவி தெருவில் வாங்கிய எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு. நம் ஊர்க் காற்றில் சாதா ஆணி துருவொழுகி வெள்ளைப் பலகையில் கோடு கோடாக இறங்கும் என்பதால் அதில் சிக்கனம் பார்க்கவில்லை.

ஜாலி பார்வைக்கு, பெருச்சாளியைத் தடுப்பது அதன் பின்னால் இருக்கும் வலைதான். பலகையின் கண் 2 அங்குலம், எலி அதைத் தாண்டச் சிரமப்படாது. அதனால் உள்பக்கம் அரை அங்குலக் கண் கம்பிவலை கட்டி, மண்ணுக்குள் 1 அடி இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கமாக இன்னும் 1 அடி மடக்கிப் புதைத்திருக்கிறது. பெருச்சாளி ஜாலியை ஒட்டித்தான் தோண்டும், வலையில் முட்டும், பின்னால் நகர்ந்து தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது.

கடைசிப் பலகையை அடிக்கத் தாமதமானது ஏன் என்று கேட்டவர்களுக்கு: உள்ளே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அவை தாயோடு நடந்து வெளியேறும் வரை காத்திருந்தோம். பிறகு திறந்திருந்த இடத்தில் ராத்திரி கோலப்பொடி தூவி வைத்து, காலையில் கால்தடம் பார்த்தோம். அரிசிமாவு தூவினால் விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும் என்பதால் கல்பொடி. வெளியே போன தடம் மட்டும் இருந்து, அடுத்த இரவு பொடி கலையாமல் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் பலகையை மூடினோம். உயிரோடு எதையாவது உள்ளே வைத்து அடைத்திருந்தால் பாவம் மட்டுமில்லை, நாற்றமும் தாங்காது.

சாக்கடைப் பக்கம் 2 அடிக்குக் கீல் வைத்த கதவு இருக்கிறது, அடியில் போகும் வயரும் குழாயும் பார்க்க. சாவி மடப்பள்ளியில். வருடம் ஒரு முறை, மழை முடிந்ததும், உள்ளே பெருக்கி வலையில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் முன்வந்தால் நல்லது. ஜாலியில் குடையை மாட்டுவதும், கண்ணுக்குள் தேங்காய் நாரைச் செருகுவதும் இப்போதே ஆரம்பித்திருக்கிறது. மீதி 6,600 ரூபாயைத் திருப்பணிக் கணக்கிலேயே வைத்திருக்கிறோம். கூட்டத்தில் கையைத் தூக்கித் தொகை சொல்லிவிட்டு இன்னும் தராதவர்கள், அடுத்த சங்கடஹர சதுர்த்திக்கு வரும்போது பொருளாளரைப் பார்த்து ரசீது வாங்கிக்கொள்ளவும்.

திருப்பணிக் குழு